வேட்பாளர் ஆராதனைக்கு வந்தால்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ்நாட்டில் தேர்தலும் லெந்து காலமும் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) கைகோத்து வருவது வழக்கமாகிவிட்டது. 2019 மக்களவைத் தேர்தலில் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, பெரிய வியாழன். 2021 சட்டமன்றத் தேர்தலில் பிரசாரம் ஓய்ந்த நாள் ஏப்ரல் 4, ஈஸ்டர் ஞாயிறு. 2024-இல் குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் மூன்றுமே தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்த வாரங்களுக்குள் வந்தன. ஆலயம் நிரம்பி வழிகிற நாட்களும் வேட்பாளர்கள் கூட்டத்தைத் தேடி அலைகிற நாட்களும் ஒன்றாகிவிட்டால் என்ன நடக்கும் என்பது சபைகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். அறிவிப்பு நேரத்தில் பொன்னாடை, ‘ஐயா இரண்டு வார்த்தை பேசுவார்கள்’, பிறகு கைவைத்து ஜெபம், வாசலில் புகைப்படம். பிரசங்கத்துக்கு முன் வேட்பாளர் கையில் மைக்கைக் கொடுக்கிற சபை, தன் நம்பிக்கை யார்மேல் இருக்கிறது என்பதைப் பிரசங்கத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறது.

கிறிஸ்தவர்கள் அரசியலைவிட்டு ஒதுங்க வேண்டும் என்று எழுத வரவில்லை. ஓட்டுப் போட வேண்டும், மனுக் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் தெருவிலும் நிற்க வேண்டும். ஆனால் எந்தக் கட்சி வந்தால் நமக்கு விடிவு என்கிற கணக்கு ஆலயத்துக்குள் நுழைந்து விசுவாசத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அதை வெளியே அனுப்புவதற்குச் சபைகள் செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி, சட்டமே ஏற்கெனவே கேட்பவை.

முதலில் சட்டம். மசூதி, தேவாலயம், கோயில் எதையும் பிரசார மேடையாக்கக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதி சொல்வது பலருக்குத் தெரியும். அது தேர்தல் காலத்துக்கு மட்டும். வருஷம் முழுவதும் அமலில் இருக்கிற சட்டம் ஒன்று உண்டு: சமய நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். வழிபாட்டு இடத்தை அரசியல் நடவடிக்கைக்கு விடுவதையும், அதன் நிதியைக் கட்சிக்குச் செலவிடுவதையும், திருவிழாவையோ கூடுகையையோ அரசியலுக்குப் பயன்படுத்துவதையும் அது தடுக்கிறது. 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். பொறுப்பு நிர்வாகிகள் தலையில். வேட்பாளர் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள், சபைகள் பல சேர்ந்த சேகரத்தின் குருவும் செயலரும் பொருளாளரும்தான். மண்டபத்தை ‘ஐக்கிய ஜெபக் கூட்டம்’ என்று வாடகைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும், உள்ளே சின்னம் காட்டி ஓட்டுக் கேட்டால் அது ஜெபக் கூட்டம் ஆகாது.

தீர்க்கதரிசனம் சொல்கிற போதகர்கள் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவை ஒருமுறை படிப்பது நல்லது. இன்னாருக்கு ஓட்டுப் போடாவிட்டால் தெய்வ கோபம் வரும் என்று வாக்காளரை நம்ப வைப்பது 123(2)-இன்படி முறையற்ற செல்வாக்கு. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 123(3)-இன்படி ஊழல் செயல். வேட்பாளருடைய மதம் மட்டுமல்ல, வாக்காளருடைய மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அது பொருந்தும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது. வேட்பாளரோ முகவரோ அவர்கள் சம்மதத்தோடு வேறொருவரோ இப்படிச் செய்ததாக நிரூபணமானால், ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகலாம். அந்தச் செயலைச் செய்தவரின் பெயரும், அவருக்கு அறிவிப்புக் கொடுத்து விசாரித்தபின், தீர்ப்பில் ஏறலாம். ‘கர்த்தர் எனக்குக் காண்பித்தார், இந்தச் சின்னம்தான்’ என்று மேடையில் முழங்குகிறவர், தான் ஆதரிக்கிற ஆளுக்கே குழி வெட்டுகிறார்.

இது புதிய வியாதியும் அல்ல. எரேமியா 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, பாபிலோன் ராஜாவின் நுகம் இரண்டு வருஷத்துக்குள் முறிந்துபோகும் என்று ஆலயத்தில், ஆசாரியர்கள் முன்பாக அறிவித்தார். கேட்க இனிமையான செய்தி, தேதியோடு வந்த செய்தி. எரேமியா சொன்னதோ எழுபது வருஷம். அடுத்த அதிகாரத்தில் அவர் சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள். தங்களை ஜெயித்த அரசாங்கத்தின் பட்டணம் அது! அனனியா அந்த வருஷமே செத்துப்போனார். தேர்தல் முடிவு வந்தபின் பொய்த்துப்போன எத்தனை ‘வெளிப்பாடுகளுக்கு’ நம் மேடைகளில் யாராவது பொறுப்பு எடுத்திருக்கிறார்கள்? காணொளி மட்டும் சத்தமில்லாமல் நீக்கப்படும்.

பிரபுக்களை நம்பாதேயுங்கள் என்கிற 146-ஆம் சங்கீதத்தையும் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஆள்கிறவனும் மண்ணுக்குத் திரும்புவான், அவன் யோசனைகள் அன்றே அழியும் என்று சொன்ன கையோடு, கர்த்தர் என்ன செய்கிறவர் என்றும் அது சொல்கிறது: ஒடுக்கப்பட்டவர்களுக்கு நியாயம், பசித்தவர்களுக்கு ஆகாரம், கட்டுண்டவர்களுக்கு விடுதலை, பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் ஆதரவு. பிரபுக்களை நம்பாதவன் சும்மா இருக்க அந்தச் சங்கீதம் இடம் கொடுக்கவில்லை.

அடுத்து, ‘கிறிஸ்தவ ஓட்டு’ என்கிற சரக்கு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் 46.85 சதவீதம். அந்த மாவட்டத்திலும் கத்தோலிக்கர், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே, இரட்சணிய சேனை என்று பிரிவு, அதற்குள் சாதி, கடற்கரையூருக்கும் உள்நாட்டுக்கும் வேறு வேறு கவலை. இந்த ஓட்டு மொத்தமாக யார் கையிலும் இல்லை. ஆனாலும் அதை மொத்தமாக வாங்கித் தருவதாகக் கட்சி அலுவலகங்களில் போய் உட்காருகிற ஆட்கள் ஒவ்வொரு தேர்தலுக்கும் முளைக்கிறார்கள், கையில் ஏதோ ஒரு பேரவையின் லெட்டர்பேடோடு. கட்சிகளும் தெரிந்தேதான் வாங்குகின்றன.

கட்சிகளிடம் கேட்டுப் பெற்றது என்ன ஆனது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது, பிறகு சட்டமானது. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஒரு தொகுதிகூட இல்லாமல் தோற்றதும், கொண்டுவந்த முதல்வரே அதைத் திரும்பப் பெற்றார். வாக்குச்சீட்டுக்குச் சக்தி உண்டு என்பதற்கு இது சாட்சி. கொடுத்த கையே எடுக்கும், எடுத்த கையே கொடுக்கும் என்பதற்கும் இதுவே சாட்சி. இரண்டாவது, 2007-இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்திலிருந்து முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 என்று உள் ஒதுக்கீடு பிரிக்கப்பட்டது. நம் தலைவர்கள் வரவேற்றார்கள், நன்றி சொன்னார்கள். சேர்க்கையும் நியமனமும் நடந்து பார்த்தபோது, பொதுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டியிட்டுப் பெற்றதைவிடக் குறைந்த இடமே கிடைப்பதாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டே, வேண்டாம் என்று அவர்களே கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, முஸ்லிம்களுக்கு 3.5 என்று இருப்பதன் பின்கதை இதுதான். நல்ல எண்ணத்தோடு கேட்டதுதான். ஆனால் கேட்பதற்கு முன்பு யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். தலித் கிறிஸ்தவர்களிடம் போய், அரசியலை நம்பாதே, ஆண்டவரை நம்பு என்று சொல்வது வசதியானவர்களுக்குச் சுலபம். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் திருத்தங்களால் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சேர்க்கச் சொன்னது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இந்தக் கோரிக்கைக்காகப் போராடுவது அவிசுவாசம் அல்ல, நியாயம். ஆனால் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் சபையே நாளைக் காலையில் செய்யக்கூடியவை அதே பிரச்சினையில் இருக்கின்றன. சுவர் வைத்துப் பிரித்த கல்லறைத் தோட்டத்தை ஒன்றாக்குவதற்கு எந்த ஆணையத்தின் அறிக்கை வேண்டும்? திருவிழாத் தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்பதை முடிவு செய்ய எந்தக் கட்சி ஆட்சிக்கு வர வேண்டும்? டெல்லிக்கு மனுப்போடும் சபை இதைத் தன் வாசலில் செய்யாதவரை, அந்த மனுவில் கையெழுத்துப் போடும் தலித் விசுவாசிக்கு யார்மேல் நம்பிக்கை வரும்?

இனி நடைமுறை. வேட்பாளர் ஆராதனைக்கு வந்தால் வரட்டும். ஆலயக் கதவு எல்லாருக்கும் திறந்ததுதான். வாசலில் நிற்கும் சபைத் தொண்டர், கட்சித் துண்டையும் பேட்ஜையும் கழற்றச் சொல்லிவிட்டு, காலியாக இருக்கிற பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். முன்வரிசை நாற்காலி இழுத்துப் போட வேண்டாம். பெயர் சொல்லி வரவேற்பு வேண்டாம், பொன்னாடை வேண்டாம், மைக் கண்டிப்பாக வேண்டாம். கூட வருகிற புகைப்படக்காரரை வெளியே நிறுத்த வேண்டும்; பலிபீடத்தைப் பின்னணியில் வைத்து எடுத்த ஒரு படம் மாலைக்குள் ஆயிரம் செல்போனுக்குப் போய், ‘இந்தச் சபை எங்கள் பக்கம்’ என்று ஆகிவிடும். தனக்காக ஜெபிக்கச் சொன்னால், பொது ஜெபத்தில் இந்தத் தொகுதியில் போட்டியிடும் எல்லாருக்காகவும் ஜெபிக்கிறோம் என்று சொல்லி அப்படியே ஜெபிக்கலாம். இது தவறிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் முந்தின ராத்திரி கமிட்டி உறுப்பினர் ஒருவர் போனில் கொடுத்த வாக்குத்தான். அதனால் தேர்தல் அறிவித்த வாரமே சேகரக் குழுவோ, கத்தோலிக்கர் என்றால் பங்குப்பேரவையோ கூடித் தீர்மானம் எழுதி, கையெழுத்திட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். தீர்மானம் இருந்தால் குருவானவர் முகம் முறிக்காமல் மறுக்கலாம். கத்தோலிக்கக் குருக்களுக்குத் திருச்சபைச் சட்டமே துணை நிற்கிறது: 285-ஆம் எண் அரசியல் அதிகாரப் பதவிகளையும், 287-ஆம் எண் கட்சிகளில் முனைந்து ஈடுபடுவதையும் தடுக்கிறது.

அசனப் பண்டிகைக்கு, அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் விருந்துக்கு, அரிசி மூட்டை, ஆடு, பந்தல் செலவு என்று வருவதுதான் மறுக்கக் கடினமானது. 25 கிலோ மூட்டை பத்து வந்தால் இரண்டாயிரம் பேருக்குச் சோறு ஆகிவிடும்; எந்தக் கமிட்டிக்கு ஆசை வராது? ஆனால் வாக்காளருக்குச் சாப்பாடு போடுவது லஞ்சக் கணக்கில் வரும். கொடுப்பவர்மேல் மட்டுமல்ல, வாங்குபவர்மேலும் வழக்கு நிற்கும். சட்டமன்ற வேட்பாளருக்கு 2022-இல் உயர்த்திய செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். செலவினப் பார்வையாளரின் வீடியோக் குழு அசனப் பந்தியைப் படம் எடுத்தால், அந்தச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறும், சபையின் பெயரும் ஆவணத்தில் ஏறும். அசனத்தைத் தேர்தலுக்குப் பின் தள்ளி வைப்பது எளிது. முடியாவிட்டால் வழக்கமான சபை வரியிலும் காணிக்கையிலும் மட்டும் நடத்தி, வந்த பொருளுக்கெல்லாம் பெயரோடு ரசீது போட வேண்டும்.

பொருளாளர்களுக்கு இன்னொன்று. நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் எடுத்துச் சென்றால் பறக்கும் படை நிறுத்திப் பறிமுதல் செய்யும். ஈஸ்டர் காணிக்கையும் ஸ்தோத்திரப் பண்டிகைக் காணிக்கையும் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட்ட எண்ணிக்கைத் தாள், ரசீதுப் புத்தகம், பூர்த்தி செய்த வங்கிச் செலுத்துச்சீட்டு, சபை முத்திரையோடு ஒரு கடிதம் ஆகியவை பையில் இருந்தால் போதும். திங்கட்கிழமை காலையிலேயே கட்டிவிட வேண்டும்; வீட்டில் வைத்துப் புதன்கிழமை எடுத்துப் போகிற பணத்துக்குத்தான் விளக்கம் சொல்ல முடியாமல் போகிறது.

நம் பள்ளிகள் பலவும் வாக்குச்சாவடிகள். பல ஊர்களில் பள்ளியும் ஆலயமும் ஒரே காம்பவுண்டு. வாக்குப்பதிவு நாளில் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பது குற்றம். ஆலய முற்றத்தில் கூடி ‘மறந்துவிடாதே’ என்று சின்னத்தைச் சொல்வதும் அதில் அடங்கும். சபை வாட்ஸ்அப் குழுவை வாக்கு எண்ணும் நாள் வரை நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி மாற்றி வைத்தால் பாதி சண்டை குறையும்.

ஜெபத்தைப் பற்றி. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது. எழுதப்பட்ட காலத்தில் ரோமாபுரி ராஜா கிறிஸ்தவரும் அல்ல, கிறிஸ்தவர்களின் நண்பரும் அல்ல. கத்தோலிக்கரின் பெரிய வெள்ளி வழிபாட்டில் பத்து மன்றாட்டுகளில் ஒன்பதாவது நாட்டை ஆள்வோருக்கானது. அதில் கட்சி கிடையாது, ஆள் பெயர் கிடையாது. சுயமாக ஜெபிக்கும் சபைகளிலும் இந்த ஒழுங்கைப் பின்பற்றலாம்: பதவியைச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லாதீர்கள். பிரதமர், முதல்வர், நம் தொகுதி உறுப்பினர், ஊராட்சித் தலைவர், கூடவே தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்கள், காவலர்கள். தேர்தலுக்கு முந்தின ஞாயிறு மட்டும் ஜெபித்துவிட்டு, முடிவு வந்த அடுத்த ஞாயிறு நமக்குப் பிடிக்காதவர் ஜெயித்தார் என்பதற்காக அந்த ஜெபம் காணாமல் போனால், முதலில் ஜெபித்ததும் ஜெபம் அல்ல.

வாலிபர் சங்கம் செய்யக்கூடிய வேலை நிறைய. 18 வயதானவர்களுக்குப் படிவம் 6, முகவரி மாறியவர்களுக்கும் பிழை திருத்தவும் படிவம் 8. தகுதி நாட்கள் இப்போது ஆண்டுக்கு நான்கு: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள். 85 வயதைக் கடந்தவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கப் படிவம் 12டி உண்டு; தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதைத் தெரியாமல்தான் பலர் தவறவிடுகிறார்கள். வேட்பாளர்களின் சொத்து, வழக்கு விவரங்கள் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். அதை எல்லா வேட்பாளருக்கும் சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஒருவருடையதை மட்டும் ஒட்டினால் அது பிரசாரம்.

காரியங்களுக்கு அரசியல்வாதியைத் தேடிப் போகும் பழக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் நம் காகிதங்கள் ஒழுங்காக இல்லாததுதான். பழைய ஆலயங்களைச் சீரமைக்க மாநில அரசின் நிதியுதவி இருக்கிறது. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டடம் பத்து ஆண்டாவது பழமையானதாக இருக்க வேண்டும், வெளிநாட்டு நிதி பெற்றிருக்கக் கூடாது. பட்டா பழைய மிஷன் பெயரிலோ, இறந்துபோன ஒரு மூப்பரின் பெயரிலோ கிடந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். நின்றதும் நாம் சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக்கு ஓடுகிறோம். அவர் ஒரு போன் போடுகிறார். அடுத்த தேர்தலில் அந்த போனுக்கு விலை கேட்கிறார். பட்டாவையும் பத்திரத்தையும் ஒழுங்கு செய்வது இரண்டு மூன்று வருஷ வேலை, சலிப்பான வேலை. ஆனால் அதை முடித்த சபை யாருக்கும் கடன்பட்டிருக்காது.

சொல்லக் கூச்சமானது கடைசியில். வெளி அரசியலைவிட மோசமான அரசியல் பல சேகரங்கள் சேர்ந்த நம் திருமண்டலத்தின் தேர்தல்களில் நடக்கிறது. அணிகள், துண்டுப் பிரசுரங்கள், கவனிப்புகள், வேனில் ஆள் ஏற்றுவது, முடிவு வந்ததும் வழக்கு. சிஎஸ்ஐ-யின் தலைமைப் பேரவையான சினாட் வரைக்கும் நிர்வாகத்தை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகளை நீதிமன்றம் நியமிக்கும் நிலை வந்தது. பள்ளி, கல்லூரி நியமனங்கள் அந்தத் தேர்தல்களின் பரிசாக இருக்கும்வரை இது மாறாது. நியமனத்தை எழுத்துத் தேர்வும் வெளிநபர் கொண்ட நேர்காணல் குழுவும் முடிவு செய்து, மதிப்பெண் பட்டியலை வெளியிட்டால் அணிகளுக்கு வேலை போய்விடும். 1933 ஜூலை 23 அன்று ஜெர்மனியில் நடந்த திருச்சபைத் தேர்தலை நினைவுபடுத்தலாம். அதற்கு முந்தின நாள் இரவு ஹிட்லர் வானொலியில், நாஜிகளை ஆதரித்த ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ அணிக்கு ஆதரவு கேட்டார். அந்த அணி பெரும்பான்மை பெற்றது. அடுத்த ஆண்டு மே மாதம் பார்மன் நகரில் கூடியவர்கள், திருச்சபைக்கு இயேசு கிறிஸ்துவைத் தவிர வேறு தலைவர் இல்லை என்று அறிக்கையிட வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் நாம் போகவில்லைதான். ஆனால் சபைத் தேர்தலை அணியிடம் விட்டவர்களுக்கு நாட்டுத் தேர்தலில் மனச்சாட்சியைக் காப்பது கடினம்.

பத்திரிகைகளிடம் ஒரு வேண்டுகோள். ‘கிறிஸ்தவ அமைப்புகள் ஆதரவு’ என்று ஒரு லெட்டர்பேடு உங்கள் மேசைக்கு வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த அமைப்பு பதிவு பெற்றதா, ஆதரவுத் தீர்மானம் எந்தத் தேதியில் எத்தனை பேர் கூடிய கூட்டத்தில் நிறைவேறியது, கையெழுத்திட்டவர் எந்தச் சபையின் சார்பில் பேச அதிகாரம் பெற்றவர். பதில் இல்லாவிட்டால், அதை ஒரு தனிமனிதரின் விருப்பம் என்று மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
சேகரக் குழு உறுப்பினர் ஒருவர்,
பாளையங்கோட்டை.